கரையில் ஒரே வெள்ளை

சுண்ணாம்பு அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு அய்யா. மூன்றாவது பூச்சில் கொஞ்சம் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது பூச்சோடு கைகழுவி விடுகிறார்கள். அதனால்தான் பழவேற்காட்டில் பாதிச் சுவர்கள் மழை வந்தால் அழுமூஞ்சியாக நிற்கின்றன. விசாரணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

என் பெயர் சுப்பராயலு. ஒல்லாந்தர் கப்பல்களுக்குத் துணி விற்க உள்ளூர் வியாபாரிகள் ஏழு பேர் கூட்டாக ஆரம்பித்த கம்பெனியில், கரையிலுள்ள கம்பெனி மாளிகையின் பொறுப்பு என்னுடையது. தலைவர் ஜமால் முகம்மது மரைக்காயர். துணியைத் தொட்டாலே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார். கட்டடத்துக்கு மட்டும் கூரை இருந்தால் போதும் என்பார். கப்பல்காரன் நம் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் நம் சுவரைப் பார்க்கிறான் என்று நான்தான் அவருக்குப் புரிய வைத்தேன்.

பிறகு பாருங்கள், எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. நுழைவாசலை வேண்டுமென்றே குறுகலாகவும் இருட்டாகவும் வைத்தேன். தலை குனிந்து வருகிறவன் நிமிர்ந்ததும் வெளிச்சமான கூடம், நாலு பக்கமும் தொங்கும் சித்திரத் துணிகள். எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவான். வெளிச்சுவருக்கு வெள்ளை. ஒல்லாந்தர் கோட்டையும் மற்ற கிடங்குகளும் செங்கல் நிறம். கடலிலிருந்து பார்த்தால் இந்தக் கரையில் வெள்ளை என்றால் நாங்கள்தான் என்று இருக்க வேண்டும். மேல்மாடிச் சுவரை ஏரிக் கிளிஞ்சல் சுண்ணாம்பால் மூன்று பூச்சு பூசி, கப்பலில் ஒல்லாந்து விருந்தாளிகள் வரும் நாள்வரை ஓலைப்பாயால் மூடி வைத்தேன்.

ஒரே ஒரு உறுத்தல். மீனவர்களின் கழி.

மழைக்காலம் முடிந்ததும் ஏரியின் முகத்துவாரம் இடம் மாறிவிடும். குப்பத்துக்காரர்கள் ஆழம் பார்த்து, மணல்மேட்டில் ஓர் உயரமான கழியை நட்டு வெள்ளையடிப்பார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது பின்னால் நிற்கும் ஒற்றைப் பனையும் முன்னால் இருக்கும் வெள்ளையும் நேராக வந்தால் அதுதான் வழி. நேராக வராவிட்டால் மணல்திட்டு, அதன் மேல் அலை. எனக்கோ அந்தக் கழி பட்டு வேட்டியில் பட்ட புளிக்குழம்பு மாதிரி இருந்தது.

கிளிஞ்சல் கொண்டுவந்து கொடுத்த தேசப்பனிடம் பேசிப் பார்த்தேன். குப்பத்துக்குப் பெரியவர், சிரித்த முகம். அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

"இன்னாய்யா இது, அது அழகுக்கா வெச்சிருக்கோம்? அது இல்லன்னா நாங்க எப்டி உள்ள வர்றது?" என்றார்.

"ஒரு நாளைக்கு மட்டும் அதற்குச் சேறு பூசிக்கொள்கிறேனே," என்றேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். "சரி, கப்பல் வர்ற அன்னிக்கி நாங்க கரைக்கித் திரும்பினப்பறம் பூசிக்க. அதுக்கு முன்னாடி தொடாத. நாலு படகுல ஆளுங்க இருப்பாங்க."

வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனதாரத்தான் கொடுத்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சாயங்காலம் வர வேண்டிய கப்பல் காலையிலேயே நங்கூரம் போட்டுவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? பாயை அவிழ்க்கச் சொன்னேன். காவல்காரன் வேணுவை அனுப்பிக் கழிக்குச் சேறு பூசச் சொன்னேன். மேல்மாடி வெயிலில் பளீரென்று எழுந்து நின்றது. மரைக்காயர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். கழி விவரம் அவருக்குத் தெரியாது, அவரை இதில் இழுக்க வேண்டாம்.

மதியம் வாடைக்காற்று கிளம்பி மழை மூடியது. தேசப்பனின் மனைவி வேலம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"கழி கறுத்துக் கெடக்குதுய்யா. படகுங்க திரும்புற நேரம். ஒரு வெள்ளத் துணியாவது குடு, நானே போய் கட்டிக்கறேன்."

கிடங்கில் வெள்ளைத் துணி முந்நூறு சிப்பம் இருந்தது. ஆனால் மேலே விருந்தாளிகள் சன்னலோரம் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே கழியில் கந்தல் மாதிரி ஒரு துணி படபடத்தால் என் ஆறு மாத உழைப்பு என்னாவது? விருந்து முடியட்டும் என்றேன். தன் சேலையைக் கிழித்துக் கட்டப் போவதாகச் சொல்லி ஓடினாள். வேணுவை விட்டுத் தடுத்து உள்ளறையில் உட்கார வைத்தேன். கதவை வெளியே தாழிட்டேன். மோர் கொடுக்கச் சொன்னேன், குடிக்கவில்லை.

பிறகு மாடிக்குப் போனேன். மழைத் திரையில் பனை மங்கலாகத் தெரிந்தது. அதற்குத் தெற்கே நூறு முழம் தள்ளி எங்கள் சுவர். நாலு படகும் முதலில் தயங்கின. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தைத் திருப்பின. பனைக்கு நேராக எங்கள் வெள்ளையைக் கொண்டுவரத்தான் திருப்புகின்றன என்று எனக்குப் புரிந்தது. கீழே ஓடிப்போய்க் கழியில் ஒரு துணியைக் கட்டிவிட அப்போதும் நேரம் இருந்தது. கப்பல் தலைவர் என் பக்கம் திரும்பி, இவ்வளவு தூரத்திலிருந்தும் உங்கள் மாளிகைதான் கண்ணில் படுகிறது என்றார். நான் வணங்கிவிட்டு அங்கேயே நின்றேன்.

பதினோரு பேர். தேசப்பன் முதல் படகில் இருந்தார்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஆனால் வேலம்மா ஊரெல்லாம் சொல்கிறாளே, கழியை நம்பி வந்து செத்தார்கள் என்று, அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. கழி அன்றைக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவர்கள் கம்பெனியை நம்பித்தான் வந்தார்கள்.