பேச்சு நீக்கப்பட்டது

“ஹலோ... ஓம், யதுர்சன்தான். ஆர் கதைக்கிறது?... ஐயோ, வினுஷாக்கா! நம்பர் வேறயா இருந்தது, அதுதான்... இல்லை இல்லை, சாப்பாட்டு நேரம்தான். சொல்லுங்கோ.”

மெல்பேர்னில், தான் வேலைசெய்யும் டண்டினொங் கிடங்கின் பின்பக்கச் சுவரோரம் யதுர்சன் ஒதுங்கி நின்றான். வினுஷாவின் கணவர் செந்தில்நாதன் இறந்து இருபத்துநான்கு நாள். சிட்னிக்குச் செத்தவீட்டுக்குப் போய் வந்தபின் அவன் அவளை ஒருமுறைகூட அழைக்கவில்லை. காரணத்தை யாருக்கும் சொல்லவுமில்லை.

“...ஓம் அக்கா. முப்பத்தோராம் நாளுக்குக் கட்டாயம் வருவன். டிக்கெட் போட்டிட்டன்... பிள்ளை எப்பிடி?... தேடுறாளோ?... ம்ம்... அண்ணை அனுப்பின ரெக்கோடிங்கோ? ஓம், எல்லாம் இருக்கு. நாப்பத்தொரு கச்சேரி. எழுபதுகளில பங்க் ரொக் பாடின ஆக்கள், இப்ப நரைச்ச தலையோட குதிக்கினம்... ஓம், ஓம், கிழவங்களைப் பாக்கப் போறார் எண்டு பகிடி பண்ணுவீங்கள்... திகதி, இடம், பாட்டு வரிசை, எல்லாம் எழுதி வச்சிருக்கிறன். இண்டைக்கே அனுப்... என்ன?... முதல்ல அவர் கதைக்கிறதோ?”

ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் செந்தில்நாதன் சட்டைப்பையில் ஒளித்துவைத்த சின்ன ரெக்கோடருக்குக் குனிந்து, திகதியையும் இடத்தையும் தன் வாயால் சொல்வார். பிறகுதான் பாட்டு. அந்தப் பதிவைச் செம்மைப்படுத்தி மற்ற ரசிகர்களுக்கு அனுப்புவது யதுர்சனின் வேலை.

“...உங்கடை போனில ஒண்டும் இல்லையோ? ஒரு வொய்ஸ் மெசேஜ்கூட?... ஓம், அவர் எழுதித்தான் அனுப்புவார்... ரெக்கோடரின்ரை மெமரி கார்ட்டிலயும் இராது. எனக்கு அனுப்பின கையோட அழிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் பாவிப்பார்... ஓம்... ஓம்...”

போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அக்கா, கொஞ்சம் கேளுங்கோ. அனுமதி இல்லாமல் எடுக்கிறதெல்லே. எடுத்த ஆளின்ரை குரல் வெளியில போகக்கூடாது, ஆளைக் கண்டுபிடிச்சிடுவினம். எங்களுக்குள்ள அது ஒரு வழக்கம். அதாலை... நான்தான் வெட்டினனான்... எல்லாத்திலயும்... இல்லை, ஒண்டிலயும் இல்லை. வெட்டினதை நான் வச்சிருக்கேல்லை... தேடினனான் அக்கா. செத்தவீட்டால வந்த அண்டைக்கே தேடினனான்.”

ஒவ்வொரு பதிவோடும் அவன் ஒரு குறிப்புச் சேர்ப்பான். நாற்பத்தொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘பேச்சு நீக்கப்பட்டது.’ வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்ற திருப்தியோடு எழுதிய வரி.

“...நடுவில சிரிப்போ?... கைதட்டோ? இல்லை அக்கா. ரெக்கோடர் அவரின்ரை நெஞ்சிலயெல்லே கிடக்கும். தட்டினா எல்லாம் பழுதாப்போயிடும் எண்டு மூச்சைக்கூடப் பாத்துத்தான் விடுவார். சனம் முழுக்கக் கத்தும். அந்த ஹோலில சத்தம் போடாத ஒரே ஆள் அவர்தான்...”

இதை நண்பர்களிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்குத்தான் அது அவன் காதிலேயே விழுந்தது.

“...அழாதேங்கோ... ஏசுங்கோ அக்கா. ஒண்டும் சொல்லாமல் இருக்காதேங்கோ... என்ன?... என்ன சொல்லுவாரோ? ஓம், நினைவிருக்கு. எங்க வெட்டிறது எண்டு பாக்கத் திரும்பத் திரும்பக் கேட்டனானெல்லே... கடைசியா எடுத்ததோ?... அவர் சொல்லுற மாதிரியோ? எனக்கு அது வராதக்கா... சரி. சரி, சொல்லுறன்.”

தொண்டையைச் செருமினான். ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்வாங்கும் ஒலி ஓயும்வரை பொறுத்தான்.

“‘மார்ச் பதினாலு, வெள்ளிக்கிழமை. மாரிக்வில், மாடி ஹோல். மேடைக்கு வலப்பக்கம் நிக்கிறன்...’ ஓம், அவ்வளவுதான்... இல்லை... இன்னும் கொஞ்சம் சொன்னவர். வேண்டாம் அக்கா... சரி. ‘வினு பிள்ளையோட காருக்குள்ள இருக்கிறா. ஒரு மணித்தியாலம் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான், ரெண்டு ஆகும். இதைக் கேட்டாவெண்டா ஏசுவா. தம்பி யது, இந்தத் துண்டை மறக்காமல் வெட்டிவிடு.’”

மறுமுனையில் ஏதோ கேட்டது. சிரிப்பா அழுகையா என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

“அக்கா?... அக்கா, கேக்குதோ?... ஹலோ?”

தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.