கழுவி அடுக்கிய கியர்பாக்ஸ்

"அதக் கழுவச் சொல்லி உங்ககிட்ட யாரு மேடம் கேட்டது?"

வைட்ஃபீல்டில் கிளம்பிய மெட்ரோவில் என் எதிரே இருந்த மெக்கானிக், பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே பிரித்து வைத்த அவரவர் கியர்பாக்ஸை மாட்டும் பயிற்சி. ஏற்பாடு அந்தப் பெண், சொல்லித்தருபவர் இவர்.

"ஒரே ஆயிலு, பழைய பேப்பரு. போட்டோல அசிங்கமா இருந்துச்சுண்ணா."

"அந்தப் பேப்பர்லதான் எது எந்த வண்டியோடதுன்னு எழுதி, கழட்டின வரிசையில வெச்சிருந்தேன். நாலு வண்டி. மூணு நாள் வேல."

"நான் நீட்டா சைஸ் பாத்து அடுக்கிட்டேன். பெரிசெல்லாம் ஒரு பக்கம், சின்னதெல்லாம் ஒரு பக்கம்."

"நாலு வண்டியோடதையும் சேத்து?"

"நாலும் ஒரே மாடல்தானேண்ணா. எண்ணியும் பாத்துட்டேன், ஒண்ணும் தொலையல."

"ஒவ்வொரு பாக்ஸுலயும் கியரெல்லாம் அதது ஜோடியோட உரசி, அதது மாதிரி தேஞ்சிருக்கு மேடம். நாலு பேரு பல்செட்ட ஒரே கிண்ணத்துல போட்டுக் கழுவினாலும் ஒண்ணும் தொலையாது. ஞாயித்துக்கிழம அந்த நாலு ஓனரும் வருவாங்க. எது யாரு வாயிக்குன்னு நீங்களே எடுத்துக் குடுங்க."