எடுத்தால்தான் மதிப்பு

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஆமத்தூர் தாண்டியதும் ஒருவர் சொன்னார்:

“என் மக எழுதுனத கண்டவுகளும் எடுத்துக்கிடுதாக அண்ணாச்சி. கேட்டா, சந்தோசந்தான்னு சொல்லுதா.”

மற்றவர் சிவகாசியில் பட்டாசு லேபிளும் காலண்டரும் அச்சடிப்பவர். “என் லேபிள் டிசைன ஒருத்தன் எடுத்ததுக்கே நான் கோர்ட்டுக்குப் போனேன். நீங்க சும்மாவா இருக்கீக?”

“அவ மருத்துவ ஆராய்ச்சில்ல செய்யுதா. மத்த ஆராய்ச்சிக்காரக அவுக கட்டுரையில, இன்னார் எழுதுனதுன்னு பேரைப் போட்டுத்தான் எடுப்பாகளாம். எம்புட்டுப் பேரு எடுக்காகளோ அம்புட்டு மதிப்பாம்.”

“அப்ப யோக்கியமான தொழில்தான்.”

“கேன்சரு, சுகருன்னு எழுதுனத எல்லாம் வெளிநாட்டுக்காரன் வரைக்கும் எடுத்துட்டான். பட்டாசு மருந்துத் தூசியால நம்ம சனத்துக்கு வார இருமலப் பத்தி எழுதுனத மட்டும் ஒருத்தரும் சீண்டல. அதுதான் அவளுக்கு மனக்குறை.”

அச்சகக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“தமிழ்ல சுருக்கமா எழுதித் தரச் சொல்லுங்க. அடுத்த வருசக் காலண்டர்ல நான் எடுத்துக்கிடுதேன்.”

“பேரைப் போடுவீகல்ல?”

“முருகன் படத்துக்குக் கீழயே போடுதேன்.”