வடக்குச் சுவருக்குக் கடைசித் தண்ணீர்

வடக்குச் சுவரைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. வெயில் படாது, செடி வராது என்பார்கள். குளிர் ஊரான எங்கள் உப்சாலாவில் உண்மை நேர் எதிர். தெற்குச் சுவரில் மார்ச் மாத வெயில் இலையை எழுப்பிவிடும். வேர் இன்னும் உறைந்து கிடக்கும். இலை கேட்கும் தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது. செடி தாகத்தில் செத்துப்போகும். வடக்கே இலையும் வேரும் சேர்ந்தே தூங்கி, சேர்ந்தே விழிக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை போதும். சிக்பிரிட்டிடம் அது இல்லை.

அவள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. சுவரில் மண்பைகளை வரிசையாக மாட்டிச் செடி வளர்க்கும் செடிச்சுவர் வைப்பதென்று முடிவானபோது தெருவைப் பார்த்த தெற்குச் சுவரில்தான் என்று பிடிவாதம் பிடித்தாள். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டுமே. நான் வேண்டாம் என்றேன். கடைசியில் தெற்கே அவள் ஆசைக்கு ஒன்று, முற்றத்தைப் பார்த்த வடக்குச் சுவரில் என் ஆசைக்கு ஒன்று என்று ஆயிற்று. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் குளிர்காலத்திலேயே தெற்குச் சுவரின் செடிகள் மொத்தமும் போயின. வசந்தத் துப்புரவு நாளில் எல்லாரும் குப்பை வாரிவிட்டு, முற்றத்தில் சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

“என்னப்பா வால்ஃப்ரிட், உன் செடியெல்லாம் தொடப்பக்கட்டையா நிக்குது? கொஞ்சம் ஒடிச்சுக் குடு, அடுப்பு அணையப்போகுது” என்றாள் சிக்பிரிட்.

“குளிர்ல சாகல சிக்பிரிட். தாகத்துல செத்துச்சு. வடக்குச் சுவத்தைப் பாரு, ஒண்ணுகூட வாடல.”

“முழங்கால் வரைக்கும் பனி கெடந்துச்சு, இவர் செடிக்குத் தாகமாம். கேட்டுக்கோங்கப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அன்று அவள் சாசேஜில் கடுகுச் சாந்து கூடுதலாக இருந்தது, அது மோவாயில் ஒட்டியிருந்தது.

இலையுதிர்காலத் துப்புரவு நாளில் அவள் முடிவையே சொல்லிவிட்டாள். “ரெண்டு சுவத்தையும் பிச்சுப் போட்டுடலாம். வர்ற கூட்டத்துல கை தூக்கினா முடிஞ்சுது. வால்ஃப்ரிட்டுக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிக் குடுப்போம், ஜன்னல்ல வெச்சுக் கொஞ்சிட்டிருக்கட்டும்.”

வழக்கம்போல் அன்றே சொட்டுநீர்க் குழாயை மூடி, உள்ளே நின்ற தண்ணீரையும் வடித்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவர் பொறுப்பில் விட்ட காரியத்தை இன்னொருவர் போய்த் தொட்டுப் பார்ப்பது மரியாதை இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். சலவை அறை நிலவறையில் இருக்கிறது. முற்றத்திலிருந்து வடக்குச் சுவரை ஒட்டிக் கற்படிகள் இறங்குகின்றன. ஞாயிறு காலை முதல் முறை சிக்பிரிட்டுடையது. யாருக்கு எந்த நேரம் என்று பூட்டு மாட்டிக் குறிக்கும் முறைப்பலகையில் அவள் பூட்டை யாரும் நகர்த்தத் துணிந்ததில்லை. துணிக்கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுதான் இறங்குவாள். கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை, வானம் தெளிந்திருந்தது. கடும் உறைபனி வரும் என்று வானொலி சொன்னது. வடக்குச் சுவரின் பெரணிச் செடிகள் வறண்டிருந்தன. சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டேன். செடிக்குத் தண்ணீர் விடுவது குற்றமில்லை. மிச்சத் தண்ணீர் ஓடும் வடிகாலின் வாயை மேப்பிள் இலைகள் அடைத்திருந்தன. அவை தாமாக அங்கே போயின என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் படிகளில் வழிந்தது. சறுக்காமல் இருக்கத் தூவும் சரளை வாளியைப் படியோரத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன், ஈரத்தில் கட்டிதட்டிவிடும்.

காலையில் காப்பியோடு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். மற்ற வீடுகளில் இன்னும் விளக்கு எரியவில்லை. அவள் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. துணிகள்தான் நிறையச் சிதறின.

“வால்ஃப்ரிட், கால அசைக்க முடியல. யாரையாவது கூப்பிடுப்பா.”

என் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் அவ்வளவு பணிவாக அவள் பேசியது அதுதான் முதல் தடவை; சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன். குளிர் ஆளை அவசரப்படுத்துவதில்லை. அவள் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநேரம் கழித்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

எல்லாம் அந்தச் சுவருக்காகத்தான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உறைபனி இரவில் குழாயில் தண்ணீர் நின்றால் குழாய் வெடிக்கும், ஊறிய பைகள் பனிக்கட்டியாகி வேரைக் கிழித்துவிடும், ஒரு பெரணிகூடப் பிழைக்காது, இது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள்.

தெரியும். உப்சாலாவில் என்னைவிட அது யாருக்குத் தெரியும். செடிகளை வசந்தத்தில் மறுபடி நட்டுக்கொள்ளலாம்.