கதவு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்

தேவாலயத்துக்குப் பெஞ்ச் செய்வதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் இருக்கிறது, கேப்டன். முதுகுப் பலகையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட வேண்டும். உட்காருகிறவர் தூங்கவும் முடியாது, எழுந்து போகிற அளவுக்கு வலிக்கவும் வலிக்காது. பதினெட்டு வருஷமாகப் பெத்தேல் ஓடைச் சபையை விழித்திருக்க வைத்தது போதகர்கள் இல்லை, நான்தான். லெமுவேல் தார்ப், தச்சன். உங்கள் எழுத்தர் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளட்டும்.

எரிந்துபோன எங்கள் தேவாலயச் சாம்பலைக் கிளறி ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்திருக்கிறீர்கள். ஆணிகளை மேஜையில் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். கூடார வாசலில் நிற்பது கெசையா. உங்கள் முகாமில் துணி துவைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தழும்பு விரல்களை வைத்துக்கொண்டு ஈரத்துணி பிழிவது கஷ்டம்தான். அவள் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீங்கள் வடக்குப் படைக்காரர், ஆற்றுக்கு வடக்கே பிறந்தவர். கென்டக்கிக்காரனை உங்களுக்குப் புரியாது. எங்களுக்குச் சண்டை பிடிக்காது என்றில்லை. சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவில் நின்று இருவரிடமும் நல்ல பெயர் வாங்குவது அதைவிடப் பிடிக்கும்.

எங்கள் சபைக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் கெசையாவும் சொந்தம். ஒரு பணக்கார விதவை இரண்டையும் உயிலில் ஒரே வரியில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனாள். வார நாட்களில் கெசையாவைச் சணல் பண்ணைக்கு வாடகைக்கு அனுப்புவோம். போதகரின் சாப்பாடு அந்தக் கூலியில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் மணி அடிப்பாள், பெருக்குவாள், பிறகு கடைசியில் போய் உட்கார்ந்து, பிறர் உழைப்பைத் திருடக் கூடாது என்று போதகர் பேசுவதைக் கேட்பாள். அவளுக்கு டார்கஸ் என்று ஒரு மகள் பிறந்தாள். தாய் யாருக்கோ பிள்ளையும் அவருக்கே என்பது சட்டம். அதனால் அவளும் சபைக்குச் சொந்தமானாள். கிண்ணம் மட்டும் ஏன் குட்டி போடுவதில்லை என்று சணல் பண்ணைக்காரர் பிராக் கேட்டுச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்போம். நல்ல சபை அது.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். புது ஜனாதிபதி வந்தால் அடிமைகளைப் பிடுங்கிவிடுவார் என்று தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாக நாட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தன. எங்கள் மாநிலம் மட்டும் வேலிமேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கால் ஆட்டியது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், கட்டுண்டு கிடப்பவர்களுக்காகவும் ஜெபிப்போம் என்று சொல்லிவிட்டார். வாய் தவறியிருக்கலாம். பிராக் எழுந்துவிட்டார்.

"யாருக்காகன்னு பேரச் சொல்லும் போதகரே. சும்மா பொதுவா ஜெபம் பண்ணாதேயும்."

ஆலைக்காரர் விட்லாக் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னார். "காலையில ஒம்ம பூட்ஸத் தொடச்சு விட்டானே, அவனுக்காகத்தான்யா. பேரு ஒமக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். விட்லாக்கின் ஆட்கள் அடிமை வைத்திருப்பது பாவம் என்றார்கள். பிராக்கின் ஆட்கள் அது வேதத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஒரே வேதம், ஒரே பக்கம், ஒரே வசனம். சபை இரண்டாகிவிட்டது. கட்டடம் ஒன்றுதான்.

நான் நடுவில் புகுந்தேன். நடுவில் ஒரு பலகைச் சுவர், அவரவர் பக்கம் அவரவர் போதகர் என்று சொன்னேன். இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இரு தரப்பும் சம்மதிக்காமல் சுவரில் ஒரு பலகையைக்கூட எடுக்கக் கூடாது என்று அதில் எழுதியது நான்தான். சுவர் எழும்பிய பிறகுதான் கவனித்தோம், கதவு விட்லாக் பக்கமும் அடுப்பு பிராக் பக்கமும் போய்விட்டது. இவர்களுக்கு வாசல் இருந்தது, ஆனால் குளிரில் பல் கிட்டியது. அவர்களுக்குக் கதகதப்பு இருந்தது, ஆனால் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத்தான் கர்த்தரிடம் போக வேண்டும். திருமதி பிராக்கின் வளையம் வைத்த பாவாடை ஜன்னலில் மாட்டிக்கொண்டு, உள்ளே நாலு பேர் இழுக்க வெளியே நாலு பேர் தள்ள, ஒரு சங்கீதம் முழுக்கப் பாடி முடித்தார்கள். அவர்களை ஊரில் கதவுப் பக்கம், அடுப்புப் பக்கம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. கதவுக்கு வெளியே படியில் முக்காலி போட்டு இரண்டு பிரசங்கத்தையும் சேர்த்துக் கேட்டேன். ஒன்றும் விளங்காததால் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் சுவரை உதைத்துக்கொண்டே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் சுத்தியலைக் கோட்டுக்குள் வைத்திருப்பேன்.

அடுத்து, கெசையா யாருக்கு என்ற பேச்சு வந்தது. கதவுப் பக்கத்தார் தங்கள் பாதியை விடுதலை செய்வோம் என்றார்கள். அடுப்புப் பக்கத்தார் தங்கள் பாதியை விட மாட்டோம் என்றார்கள். ஒரு பெண்ணில் பாதியை விடுதலை செய்வது எப்படி என்று மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் நான் எழுந்து, இருப்பது ஒருத்தி இல்லையே, இரண்டு பேர் ஆயிற்றே என்றேன்.

பிறகு பிராக்கும் விட்லாக்கும் ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கை குலுக்கினார்கள். தாய் கதவுப் பக்கம், மகள் அடுப்புப் பக்கம். கதவுப் பக்கத்தார் அன்றே கெசையாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பல பேர் கண்ணீர் விட்டார்கள். டார்கஸ் என்ன ஆவாள் என்று கெசையா கேட்டபோது, எங்கள் கை சுத்தமாகிவிட்டதம்மா என்றார் விட்லாக்.

விடுதலை பெற்ற கறுப்பர் இந்த மாநிலத்தில் தங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். மார்ச் கடைசிக்குள் அவள் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாள்.

"லெமுவேல் ஐயா, என்னய அந்தப் பக்கம் மாத்தி எழுதிருங்க. எம் மக இருக்கிற பக்கம். எனக்கு இந்தக் காயிதம் வேணாம்."

"உனக்குக் கெடச்சது விடுதலை கெசையா. திருப்பிக் குடுக்கிற சாமானா அது?"

"நீங்க பெத்திருக்கீங்களா ஐயா?"

"இல்ல."

"அதான்," என்றாள். போய்விட்டாள்.

எனக்கும் மனசு இருக்கிறது, கேப்டன். பிராக் டார்கஸை வாரம் முழுக்கத் தன் வீட்டில் பூட்டி வைத்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு மட்டும் கூட்டி வருவார். அடுப்பு சுவரை ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் அடிப்பலகை ஒன்றின் ஆணியை நான் தளர்த்திவிட்டேன். பலகையை நகர்த்தினால் ஒரு கை நுழையும், முழுக்க எடுத்தால் பதினோரு வயதுப் பிள்ளை நுழையும். பிரசங்கம் முடியும்வரை தாயும் மகளும் அதன் வழியாகக் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பந்தத்தை மீறி நான் செய்தது அது ஒன்றுதான். அதற்காக வருந்துகிறேன்.

மார்ச் மாதம் அடுப்புப் பக்கத்தார் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஜன்னலில் ஏறி ஏறி அலுத்துவிட்டது. டார்கஸைத் தெற்கே போகும் வியாபாரிக்கு விற்று ஒரு கதவு வைத்துக்கொள்வது. திங்கட்கிழமை வியாபாரி வருவதாக ஏற்பாடு. கதவு செய்யும் வேலை எனக்கு. வால்நட் மரம், மேலே வளைவு, இரண்டு பக்கமும் திராட்சைக்கொடி செதுக்க வேண்டும் என்றார் பிராக். கொடி செதுக்கும் வேலை எனக்கு வாழ்க்கையில் அதுவரை வாய்க்கவில்லை. மரத்தை அறுத்து நிழலில் உலர்த்தியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கெசையா மறுபடி வந்தாள். இந்த முறை கெஞ்சவில்லை.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கமும் பாட ஆரம்பிச்சதும் பலகைய எடுத்துப் புள்ளய இந்தப் பக்கம் இழுத்துக்குவேன். கதவுக்கு வெளிய வண்டி நிக்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் ஐயா. படியில சும்மா உக்காந்திருந்தாப் போதும். அதான் ஒங்களுக்கு நல்லா வருதே."

சரி என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இரவெல்லாம் யோசித்ததில் மற்ற பக்கமும் தெரிந்தது. பிள்ளை தப்பினால் சுவரில் ஓட்டை வைத்தது யார் என்று கேட்பார்கள். கதவுப் பக்கம் திருடியது என்று அடுப்புப் பக்கம் துப்பாக்கி எடுக்கும். நாடே நுனிக்காலில் நிற்கும் நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு போர் தொடங்க நான் காரணமாக இருப்பதா? சனிக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், கதவுப் பக்கத்திலிருந்து பலகையில் ஆணி அடித்தேன். கெசையாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள்.

ஞாயிறு காலை இரண்டு பக்கமும் பாட்டு தொடங்கியது. ஒருவரை ஒருவர் அமுக்க வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். கெசையா குனிந்து பலகையை இழுத்தாள். அது அசையவில்லை. உள்ளேயிருந்து டார்கஸ் தள்ளினாள். பிறகு காலால் உதைத்தாள். அந்தச் சத்தத்தில் பிராக்கின் தம்பி திரும்பிப் பார்த்துவிட்டான்.

எங்க சொத்தத் திருடுறானுக என்று அவன் கத்தினான். இந்தப் பக்கத்திலிருந்து யாரோ சுவரை மிதித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சுட்டார்கள். யார் முதலில் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் நடுநிலை. இந்தப் போரின் முதல் குண்டு கடற்கரைக் கோட்டைமேல் விழ இன்னும் மூன்று வாரம் இருந்தது. எங்கள் ஊர் நாட்டை முந்திக்கொண்டது.

தள்ளுமுள்ளில் அடுப்பு சாய்ந்து தீ பிடித்துக்கொண்டது. அடுப்புப் பக்கத்துக்குக் கதவு கிடையாது என்று முன்பே சொன்னேன். ஜன்னல்களில் பெரிய மனுஷிகள் பாவாடையோடு சிக்கியிருந்தார்கள். அவர்களை வெளியே எடுப்பதில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்த ஐம்பத்திரண்டு பேரும் பிழைத்தார்கள். சபையாரை மட்டும் எண்ணினால் ஐம்பத்திரண்டு. டார்கஸ் பலகையை விட்டு நகரவில்லை. நான் திறந்து விடுறேன், அங்கேயே இரு என்று தாய் சொல்லியிருந்தாள்.

கெசையா படிக்கு ஓடி வந்தாள். "சுத்தியலக் குடுங்க ஐயா," என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. என் கோட்டைத்தான் பார்த்தாள்.

இந்த இடத்தில்தான் என்னைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. இரு தரப்பும் சம்மதிக்காமல் பலகை எடுக்கக் கூடாது என்று கையெழுத்து இருக்கிறது. அதை நானே மீறினால் பிறகு என் வார்த்தைக்கு என்ன மரியாதை? இரு, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். விட்லாக் வண்டிக்கடியில் படுத்திருந்தார். விவரம் சொன்னேன். உடனே சம்மதித்தார், அதை மறுக்க முடியாது. பிராக்கைத் தேடிப் பின்பக்கம் போனேன். மனைவியை ஜன்னலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்பதற்குள் கூரை விழுந்துவிட்டது.

சுத்தியல் என்னிடம்தான் இருந்தது. ஆமாம். பலகையை அடைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வால்நட் கதவு இன்னும் பட்டறையில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கொடி நன்றாக வந்திருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம், கேப்டன். உங்கள் மேஜையில் நாலு ஆணிதான் இருக்கிறது. நான் அடித்தது ஆறு. அந்த அளவுப் பலகைக்கு நாலு போதும், பிள்ளைக் கால் உதைத்தால் தாங்க வேண்டுமே என்று இரண்டு சேர்த்து அடித்தேன். எழுத்தர் நாலு என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கெசையா, நீ ஏன் உள்ளே வருகிறாய்? கையில் என்ன அது?

அவள் சொன்னது எழுத்தருக்குக் கேட்டதா? 'இது ரெண்டும் நான் வெரலால புடுங்கினது' என்கிறாள். இங்கே கொடு, பார்க்கிறேன். ஆமாம், என் ஆணிகள்தான். ஆறும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டும் வளைந்திருக்கின்றன, கேப்டன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அடித்தபோது அவை நேராகத்தான் இறங்கின.