பதினொன்றே முக்கால் மணி நேரம்

2019 அக்டோபர் 27, ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு, கிரிம்ஸ்பி நகரிலும் பிரிட்டன் முழுவதிலும் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கப்பட்டன.

நான் நேரம் தவறாதவன். பேருந்து ஓட்டிய காலத்திலேயே அப்படித்தான். பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் என் பெயர் ஏறிய பிறகு அந்தப் பழக்கம் இன்னும் உதவியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் தங்கினால் நான் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குறைவாகத் தங்கினால் அந்த விதி என்னை எதுவும் கேட்பதில்லை.

என் தோழி லியானின் வீட்டுக்குச் சனிக்கிழமை இரவு ஏழே முக்காலுக்குப் போவேன். ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன். அவளுக்கு மீன் தொழிற்சாலையில் ஞாயிறு காலை ஆறு மணி ஷிப்ட்; ஏழரைக்கு அவளுடைய அம்மா வந்துவிடுவார். அதுவரை ஒன்பது வயது மகள் எரினைத் தனியே விட வேண்டியதில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

"இன்னும் பஸ்ஸா ஓட்டற? சாப்பிடறப்பகூட மணி பாக்கறியே" என்று லியான் சிரிப்பாள்.

"முதியோர் இல்லத்துல அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க" என்பேன். அம்மா இறந்து ஆறு வருடம்.

இப்படி ஐந்து சனிக்கிழமைகள். ஆறாவது வாரமும் கைபேசி ஏழரை காட்டியபோதுதான் கிளம்பினேன். அது அன்று இரவில் தானாகவே மணியை ஒரு மணி நேரம் பின்னால் மாற்றிக்கொண்டிருந்தது. லியானின் எதிர்வீட்டுக்காரர் என் பழைய வழக்கைச் செய்தித்தாளில் படித்தவர். அவருடைய வாசல் காமிராப் பதிவு, என்னைக் கண்காணிக்கும் அதிகாரி பாலின் ஸ்டாட்டிடம் போனது.

"அஞ்சு வாரம் கச்சிதமா பண்ணிருக்கீங்க, கிளைவ். ஆறாவது வாரம் பன்னிரண்டே முக்காலாயிடுச்சே."

"அந்த ஒரு மணி நேரத்தை அரசாங்கம்தான் கூட்டுச்சு, மேடம். நான் கூட்டல."

"வருஷா வருஷம் கூட்டுதே. பஸ் ஓட்டினவருக்குத் தெரியாதாக்கும்?"

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வெறும் நாற்பத்தைந்து நிமிடப் பிசகு என்று என் வழக்கறிஞர் வாதிட்டார். "விதியை மறந்தவர் மணிக்கணக்கு வச்சிருக்க மாட்டாரு" என்றார் நீதிபதி. துல்லியமாக இருப்பதும் குற்றமாகிவிட்டதே என்று வருந்தினேன்.

தண்டனைக்கு முன் நீதிமன்றத்துக்காக அறிக்கை எழுத வந்த பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை. பள்ளி வாசலில் நான் முதலில் பார்த்தது எரினைத்தான். அவள் யார் மகள், அந்த வீட்டில் ஆண் யாராவது உண்டா என்று அதன் பிறகுதான் விசாரித்தேன். லியானுடன் பேச்சுக் கொடுத்தது அடுத்த வாரம். பிள்ளைகள் மீது அக்கறை உள்ள எவரும் இதைத்தான் செய்வார்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து எழுதினார்.

பதினான்கு மாதம் சிறை. எரினிடம் இப்போது வேறொரு அதிகாரி பேசி வருகிறார். அது தனி வழக்கு.