குழலில் கேட்ட துடிப்பு

— அப்புறம் என்ன ஆச்சு? கனவைப் பாதியிலயே விட்டுட்டியே.

— அப்புறம்... எங்க வீடு தண்ணிக்குள்ள இருக்கு நர்சக்கா. ஆனா எதுவும் நனையல. கொடியில துணி ஆடுது... தொட்டில்ல புள்ள படுத்துக்கிட்டு என்னையே பாக்குது.

— யார் சாயல்?

— அவங்கப்பா மூக்கு.

— ஐயோ பாவம்! சரி, இடது பக்கமா திரும்பிப் படு. பெஞ்சு உறுத்துதா?

— இல்லக்கா... மேல பாருங்களேன். வெளிய நிக்கிற வெள்ளத்தோட வெளிச்சம் கூரையில அலை அலையா மின்னுது. இந்தப் பள்ளிக்கூடமே மிதக்குற மாதிரி...

— மிதக்கட்டும். காலையிலேருந்து புள்ள அசையலைன்னியே, இப்ப?

— இன்னும் இல்ல. ஆனா நீங்கதான் வயித்துல குழல் வச்சுக் கேட்டீங்களே... துடிப்பு நல்லா இருக்குன்னு...

— ம்... குதிரை ஓடுற மாதிரி. இந்தா, தண்ணி குடி.

— இப்பதான் குடிச்சேன்.

— உதடு பாளம் பாளமா வெடிச்சிருக்கு. யார்கிட்ட கதை விடுற?

— ...குடிச்சா போகணும்ல. கக்கூஸ் கதவுல தாழ்ப்பாள் இல்ல. வராந்தா பூரா ஆம்பளைங்க. இங்க வந்ததுலேருந்து வாயை நனைக்கிறதோட சரி.

— அடிப்பாவி! எட்டு மாசத்துல இப்படியா? நீ காய்ஞ்சா அதுவும் சேர்ந்து காயும்டி. குடி. கதவுக்கு நான் நிக்கிறேன். என்னைத் தாண்டி ஒரு ஈ வராது.

— நீங்க நின்னா ஈ என்ன, ஊர்வலமே திரும்பிடும்.

— வாயி! இன்னொரு மடக்கு... மெதுவா. இப்பக் கண்ணை மூடு. அந்த வீட்டுக்குள்ளயே போ.

— ...கொடி ஆடுது... அக்கா, தொட்டில் காலியா இருக்கு.

— நல்லாப் பாரு.

— பாக்குறேன்... வெளிய என்ன மோட்டார் சத்தம்?

— படகு. மாத்திரை கொண்டு வருது. நீ தேடு.

— ஐயோ... அக்கா!

— என்னடி?

— கையைக் குடுங்க... இங்க... இங்கக்கா! உதைச்சுச்சு! மறுபடியும்! அப்பனுக்குத் தப்பாத புள்ள, தண்ணி உள்ள போனதும் எந்திரிச்சிருச்சு... அக்கா? நீங்க ஏன் அழறீங்க? நீங்கதான் முன்னாடியே துடிப்பைக் கேட்டுட்டீங்களே?

— எனக்கு ஒண்ணுமே கேக்கலடி. குதிரையும் இல்ல, ஓட்டமும் இல்ல... எல்லாம் என் பொய். அந்தப் படகும் உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான் வரச் சொன்னதுதான். மெதுவா எந்திரி... ரெண்டு பேரும் என் தோளைப் பிடிச்சுக்கோங்க.